அஸ்டெக் பேரரசின் வீழ்ச்சி: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானியர்கள் மெக்சிகோவைப் பிடித்த கதையைப் படிக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இந்த விஷயத்தில் எந்தப் புத்தகத்தை முதலில் படிக்கிறோமோ, அதுதான் மனதில் உண்மைக் கதையாக உட்கார்ந்துகொள்கிறது. அடுத்து வருவதெல்லாம் அதற்கு மறுப்பாகவோ அடிக்குறிப்பாகவோ ஆகிவிடுகிறது. நான் 1843-இல் வந்த வில்லியம் பிரெஸ்காட்டின் பழைய வரலாற்று நூலில் தொடங்கினேன். அதிலிருந்து வெளியே வரப் பல ஆண்டுகள் ஆயின. நீங்கள் அவ்வளவு தூரம் சுற்ற வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், நடந்தது என்ன?

1519 பிப்ரவரியில் எர்னான் கோர்டெஸ் 11 கப்பல்கள், ஏறத்தாழ 500 வீரர்கள், 16 குதிரைகளோடு கியூபாவிலிருந்து கிளம்பினார். கடற்கரையில் தொத்தோனாக்குகளையும், மலைகளுக்கு அப்பால் திலாஷ்கலா நாட்டாரையும் கூட்டாளிகளாக்கிக்கொண்டார். திலாஷ்கலா முதலில் அவரோடு கடுமையாகப் போரிட்ட நாடு. கூட்டணி அதற்குப் பிறகுதான் வந்தது. சோலூலா நகரில் ஒரு படுகொலை நடந்தது. 1519 நவம்பர் 8 அன்று ஏரிக்கு நடுவே இருந்த தலைநகரம் தெனோச்தித்லானுக்குள் நுழைந்தார். மன்னர் மொக்தெசுமா வரவேற்றார். பிறகு ஸ்பானியர்களின் கைதி ஆனார்.

1520 மே மாதம் கோர்டெஸ் கடற்கரைக்குப் போயிருந்தபோது, அவருடைய தளபதி பேத்ரோ தே அல்வராதோ, தோஷ்கத்ல் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தவர்களை வெட்டிச் சாய்த்தார். நகரம் கொதித்தெழுந்தது. ஜூன் இறுதியில் மொக்தெசுமா இறந்தார். ஜூன் 30 இரவில் ஸ்பானியர்கள் பெரும் இழப்போடு தப்பி ஓடினார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் பெரியம்மை நகரத்துக்குள் புகுந்தது. 1521-இல் கோர்டெஸ் திரும்பி வந்து, ஏரியில் 13 போர்ப்படகுகளை இறக்கி நகரத்தை முற்றுகையிட்டார். ஆகஸ்ட் 13 அன்று கடைசி மன்னர் குவாவ்தெமோக் பிடிபட்டார்.

இவ்வளவுதான் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் எலும்புக்கூடு. ஏன் நடந்தது, யார் நடத்தினார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கப் போனால் ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும்.

ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க முடியும் என்றால்?

கமில்லா டவுன்சென்ட் எழுதிய 'ஃபிஃப்த் சன்' (ஐந்தாவது சூரியன்), 2019-இல் வந்தது. அடுத்த ஆண்டு கண்டில் வரலாற்றுப் பரிசு பெற்றது.

ஸ்பானியர் எழுதியதை வைத்து அஸ்டெக்குகளைப் பார்ப்பதுதான் பழைய வழக்கம். டவுன்சென்ட் அதைத் திருப்பிப் போட்டார். படையெடுப்புக்குப் பிறகு அந்த மக்கள் ரோமன் எழுத்தைக் கற்றுக்கொண்டு, தங்கள் மொழியான நாவாத்லில், தங்கள் பேரன் பேத்திகளுக்காக ஆண்டு வரிசையில் எழுதி வைத்த வரலாறுகளை அவர் அடிப்படையாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு மனிதரைக் காட்டும் சிறு காட்சியில் தொடங்குகிறது. ஆங்கிலமும் கடினமில்லை. முக்கியமாக, கோர்டெஸ் வருவதற்கு முன்பே பல தலைமுறை வரலாற்றைச் சொல்லிவிடுகிறார். அதனால் கப்பல்கள் அடிவானத்தில் தெரியும்போது நாம் கரையில் நிற்கிறோம், கப்பலில் இல்லை. என்னை முதலில் கவர்ந்தது இதுதான்.

அஸ்டெக், மெஷிகா, நாவா என்று மாறி மாறி எழுதுகிறார்களே, குழப்பமாக இருக்கிறது.

தெனோச்தித்லான் மக்கள் தங்களை மெஷிகா என்று அழைத்துக்கொண்டார்கள். மெக்சிகோ என்ற பெயர் அதிலிருந்து வந்தது. நாவாத்ல் பேசிய எல்லோருக்கும் பொதுவான பெயர் நாவா. அவர்களுடைய எதிரிகளான திலாஷ்கலா நாட்டாரும் நாவாக்கள்தான். 'அஸ்டெக்' என்பது பிற்காலத்தில் புத்தகங்கள் வழியாகப் பரவிய பெயர். தெனோச்தித்லான், தெஷ்கோகோ, திலாகோபான் என்ற மூன்று நகரங்கள் 1428 வாக்கில் சேர்ந்து அமைத்த கூட்டணியைத்தான் நாம் அஸ்டெக் பேரரசு என்கிறோம். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கதை புரிந்த மாதிரி. ஸ்பானியர்கள் 'இந்தியர்கள்' என்று அழைத்த ஒரே கூட்டமாக யாரும் அங்கே இல்லை.

கோர்டெஸே எழுதியிருக்கிறாராமே? அதைப் படித்தால் போதாதா?

எழுதியிருக்கிறார். ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் சார்லஸுக்கு அனுப்பிய ஐந்து கடிதங்கள். அவற்றில் முதல் கடிதம் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் வெராக்ரூஸ் நகரசபை அனுப்பிய கடிதத்தைச் சேர்த்து அச்சிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ஆன்டனி பாக்டன் மொழிபெயர்ப்பு நல்லது. அதன் முன்பகுதியில் ஜே. எச். எலியட் எழுதிய கட்டுரையைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். கடிதங்களைத் திறக்கும் சாவி அதில்தான் இருக்கிறது.

ஏன் சாவி என்கிறேன்? கியூபாவின் ஆளுநர் தியேகோ வெலாஸ்கெஸ் கோர்டெஸை அனுப்பியது கரையோரமாகச் சுற்றிப் பார்த்து வியாபாரம் செய்யத்தான். நாடு பிடிக்க அனுமதி கொடுக்கவில்லை. கடைசி நேரத்தில் அவரைத் தடுத்து நிறுத்தவும் பார்த்தார். கோர்டெஸ் அதை மீறிக் கப்பல் ஏறினார். சட்டப்படி பார்த்தால் அவர் ஒரு கலகக்காரர். இரண்டாம் கடிதத்தை அவர் எழுதியது 1520 அக்டோபர் 30 அன்று. அப்போது நகரமும் கையில் இல்லை, தங்கத்தில் பெரும்பகுதியும் ஏரியில் போய்விட்டது. அப்படிப்பட்ட நிலைமையில் ஒருவர் மன்னருக்கு என்ன எழுதுவார்? 'மொக்தெசுமா தன் நாட்டைத் தாமாகவே உங்களுக்கு ஒப்படைத்துவிட்டார், இப்போது நடப்பது உங்கள் குடிகளின் கலகம், அதை அடக்கத்தான் போகிறேன்' என்றுதான் எழுதுவார். அப்படித்தான் எழுதினார்.

இவை போர்க்களத்திலிருந்து வந்த கடிதங்கள் என்பதைவிட, தலை தப்ப எழுதிய மனு என்பதே பொருத்தம். அப்படிப் படித்தால் அற்புதமான நூல். செவில் நகரில் 1522-இலேயே இரண்டாம் கடிதம் அச்சாகிவிட்டது. ஐரோப்பா முழுவதும் இந்த மனுவைத்தான் வரலாறாகப் படித்தது.

பெர்னால் தியாஸ் நேரில் பார்த்தவர்தானே? அவரை நம்பலாமா?

நான் மிகவும் நேசிக்கும் நூல் அவருடையது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பெர்னால் தியாஸ் தெல் காஸ்தியோ, கோர்டெஸின் படையில் இருந்த சாதாரண வீரர். வயதான காலத்தில் குவாத்தமாலாவில் உட்கார்ந்து எழுதினார். 1568 வாக்கில் ஒரு வடிவம் முடிந்தது. அச்சானது 1632-இல் மாட்ரிட்டில், அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து. 'உண்மையான வரலாறு' என்று தலைப்பிலேயே போட்டுக்கொண்டார். அதற்குக் காரணம் உண்டு. பிரான்சிஸ்கோ லோபெஸ் தே கோமாரா என்ற பாதிரியார், அமெரிக்கக் கண்டத்தில் கால் வைக்காமலேயே, கோர்டெஸ் ஒருவரே எல்லாவற்றையும் சாதித்தது போல 1552-இல் ஒரு வரலாறு வெளியிட்டிருந்தார். 'நாங்கள் சிந்திய ரத்தம் என்ன ஆயிற்று?' என்ற ஆற்றாமை பெர்னாலின் பக்கங்கள் முழுக்க ஓடுகிறது.

அவருடைய பலம் நினைவாற்றல். கிளம்பிய 16 குதிரைகளையும் நிறம், குணம், யாருடையது என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். திலதெலோல்கோ சந்தையில் எந்தப் பொருள் எந்த வரிசையில் விற்றது என்று சொல்கிறார். பிடிபட்ட தோழர்களைக் கோயில் மேட்டுக்கு இழுத்துப் போவதைத் தூரத்திலிருந்து பார்த்த பிறகு, ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் தனக்கு ஏற்பட்ட நடுக்கத்தை மறைக்காமல் சொல்கிறார். அந்த இடத்தை நான் எத்தனையோ முறை படித்துவிட்டேன்.

நம்பலாமா என்றால், ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். 1520 ஜூன் 30 இரவுத் தப்பியோட்டத்தைக் கோர்டெஸின் கடிதத்திலும் பெர்னாலிலும் அடுத்தடுத்துப் படியுங்கள். கோர்டெஸ் கணக்கில் இறந்த ஸ்பானியர் 150. பெர்னால் கணக்கில், அடுத்த சில நாட்களையும் சேர்த்து, 860-க்கு மேல். மன்னருக்கு எழுதுபவர் இழப்பைக் குறைக்கிறார். சலுகை கேட்கும் முதிய வீரரோ, தாங்கள் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்ல வேண்டிய தேவை இல்லாதவர். இருவரும் நேரில் இருந்தவர்கள்தான். நேரில் பார்த்தவர் என்பதால் மட்டும் ஒரு கணக்கு சரியாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பெங்குவின் வெளியிட்ட ஜே. எம். கோஹன் மொழிபெயர்ப்பு (1963) சுருக்கப்பட்டது, ஆனால் ஓட்டமாகப் படிக்கலாம். முதல் வாசிப்புக்கு அது போதும்.

தோற்றவர்கள் தரப்பில் என்ன எழுத்து இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இது பலருக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் சொல்ல வேண்டியது ஃபுளோரன்ஸ் ஏட்டுத்தொகுதி. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரிலுள்ள லாரன்ஷியன் நூலகத்தில் இருப்பதால் இந்தப் பெயர். 1529-இல் மெக்சிகோ வந்த பிரான்சிஸ்கன் துறவி பெர்னார்டினோ தே சாஹகுன் பெயரில் வழங்குகிறது. ஆனால் உழைத்தவர்கள் அவருடைய நாவா மாணவர்கள்: அந்தோனியோ வலெரியானோ, அலோன்சோ வெகெரானோ, மார்த்தின் ஹகோபிதா, பேத்ரோ தே சான் புவெனவென்துரா. 1536-இல் திலதெலோல்கோவில் தொடங்கிய கல்லூரியில் லத்தீன், ஸ்பானிய மொழி, நாவாத்ல் மூன்றும் படித்தவர்கள். பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு, 12 பாகங்களில் தங்கள் மக்களின் தெய்வம், சடங்கு, மருந்து, பறவை, பழமொழி எல்லாவற்றையும் எழுதினார்கள். பன்னிரண்டாம் பாகம் இந்தப் போர். ஒரு பத்தியில் நாவாத்ல், பக்கத்துப் பத்தியில் ஸ்பானிய மொழி. ஸ்பானிய வாசகம் குறைவாக இருக்கும் இடங்களில் ஓவியங்கள் நிரம்பி நிற்கின்றன. தொகுதி முடிவடையும் சமயத்தில், 1576-இல், மற்றொரு கொள்ளைநோய் நகரைச் சூறையாடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே உட்கார்ந்து முடித்தார்கள்.

தோஷ்கத்ல் படுகொலையைப் பற்றி ஸ்பானியர்கள் சில வரிகளில் கடந்து போவார்கள். இங்கே படியுங்கள்: முதலில் மத்தளம் அடித்தவரிடம் போனார்கள், அவருடைய இரண்டு கைகளையும் வெட்டினார்கள் என்று தொடங்குகிறது. தங்கத்தைப் பார்த்ததும் குரங்குகள் போல அதைத் தூக்கிப் பார்த்தார்கள், பன்றிகள் போல அதற்காகப் பசித்தார்கள் என்று எழுதியதும் இதே பாகம்தான்.

இதிலும் சார்பு உண்டு. சொன்னவர்களில் பலர் திலதெலோல்கோக்காரர்கள். தெனோச்தித்லானின் பக்கத்து ஊர், பழைய பகை உள்ள ஊர். அதனால் தங்கள் ஊர் வீரர்களைப் புகழ்ந்தும் மொக்தெசுமாவைக் கோழையாகவும் காட்டுகிறார்கள். சாஹகுனும் 1585-இல் கோர்டெஸுக்குச் சாதகமாகப் பல இடங்களைத் திருத்தி மறுபடி எழுதினார்.

இந்த எழுத்துகளை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் மெக்சிகோ அறிஞர் மிகேல் லியோன்-போர்தியா. 1959-இல் அவர் தொகுத்த நூல், ஆங்கிலத்தில் 'த புரோக்கன் ஸ்பியர்ஸ்' (உடைந்த ஈட்டிகள்) என்று 1962-இல் வந்தது. சின்னப் புத்தகம், இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். பல மூலங்களை வெட்டி ஒட்டி ஒரே கதையாகக் கோத்திருக்கிறார். அதுதான் அதன் அழகும் குறையும். யார் எப்போது சொன்னது என்பது கரைந்துபோகிறது.

அதற்கு மாற்று ஜேம்ஸ் லாக்ஹார்ட் 1993-இல் வெளியிட்ட 'வீ பீப்பிள் ஹியர்'. நாவாத்ல் மூலமும் ஆங்கிலமும் எதிரெதிரே. தலையணை அளவு, விலையும் அதிகம், ஆனால் இந்தத் துறையில் இதற்கு நிகர் இல்லை. ஒரு எழுத்து எவ்வளவு செய்யும் என்பதற்கு இதிலிருந்தே ஒன்று சொல்கிறேன். முற்றுகை முடிந்தபின் தெருக்கள் எப்படிக் கிடந்தன என்று சொல்லும் புகழ்பெற்ற வரி ஒன்று உண்டு. அதில் வரும் சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பாளர் காரிபாய் 'மித்ல்' (அம்பு, ஈட்டி) என்று பிரித்தார். லாக்ஹார்ட் அது 'ஓமித்ல்', அதாவது எலும்பு என்று காட்டினார். தெருவில் சிதறிக் கிடந்தவை உடைந்த எலும்புகள், உதிர்ந்த தலைமயிர். உலகப் புகழ் பெற்ற அந்த ஆங்கிலத் தலைப்பு ஒரு சொற்பிரிப்புக் கோளாறில் பிறந்தது.

கோர்டெஸைத் திரும்பி வந்த தெய்வம் என்று மொக்தெசுமா நம்பினாராமே?

இல்லை. இந்தக் கதையைத்தான் எல்லோரும் முதலில் கேள்விப்படுகிறார்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கெட்சல்கோவாத்ல் என்ற தெய்வம் கிழக்கே போய்விட்டுத் திரும்பி வருவதாகச் சொன்னது, கோர்டெஸ்தான் அவர் என்று மன்னர் நினைத்தார், அதனால் கைகட்டி நின்றார் என்பது கதை. கோர்டெஸ் தன் கடிதங்களில் கெட்சல்கோவாத்ல் பெயரைச் சொல்லவே இல்லை. அந்தக் கதை உருவம் பெறுவது போர் முடிந்து 20, 30 ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட நூல்களில். பன்னிரண்டாம் பாகத்தில் அது வருவது உண்மை. ஆனால் அதன் முதல் வடிவம் எழுதப்பட்டது 1555 வாக்கில். தங்கள் பெற்றோர் ஏன் தோற்றார்கள் என்று விளங்காமல் தவித்த, துறவிகளிடம் படித்த இளைஞர்களின் விளக்கம் அது. இதை விரிவாக எடுத்துச் சொன்னதும் டவுன்சென்ட்தான். 2003-இல் வந்த 'பரியிங் த ஒயிட் காட்ஸ்' என்ற கட்டுரை.

சரி, 'இது உங்கள் ஆசனம், உங்களுக்காகத்தான் காத்து வைத்திருந்தேன்' என்று மொக்தெசுமா வரவேற்றதாக வருகிறதே? நம் வீட்டுக்கு ஒருவர் வந்தால் என்ன சொல்கிறோம்? 'வாங்க, இது உங்க வீடு மாதிரி' என்கிறோம். வந்தவர் அதைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்துகொண்டால் எப்படி இருக்கும்? நாவாத்ல் அரசவைப் பேச்சு அந்த வகையைச் சேர்ந்தது. உயர்ந்தவர் தன்னைத் தாழ்த்திப் பேசுவதே அவருடைய உயர்வின் அடையாளம். அந்தப் பணிவை ஒப்படைப்பாக மாற்றியது கோர்டெஸின் பேனா.

இந்த ஒரு சந்திப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மேத்யூ ரெஸ்டால் 2018-இல் எழுதிய 'வென் மான்டெசுமா மெட் கோர்டெஸ்' சிறந்த நூல். மொக்தெசுமா பயந்து கதவைத் திறக்கவில்லை, அரிய மிருகங்களையும் பொருட்களையும் சேகரித்தது போல இந்த விசித்திர மனிதர்களையும் தன் நகரத்துக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டார் என்கிறார். அந்த வாதத்தை அவர் கொஞ்சம் தூரமாகவே இழுத்துவிட்டார் என்பது என் எண்ணம். ஆனாலும் படித்து முடித்தபின் பழைய மாதிரி அந்தக் காட்சியை நினைக்க முடியாது.

சில நூறு பேர் ஒரு பேரரசை எப்படி வீழ்த்தினார்கள்?

சில நூறு பேர் வீழ்த்தவில்லை. முற்றுகை தொடங்கும்போது ஸ்பானியர் ஏறத்தாழ 900 பேர். அவர்களோடு நின்ற திலாஷ்கலா, தெஷ்கோகோ, சால்கோ, வெஹோட்சிங்கோ வீரர்கள் பத்தாயிரக்கணக்கில். சோறு போட்டவர்கள், பாதை போட்டவர்கள், 13 படகுகளையும் துண்டு துண்டாக மலை தாண்டித் தோளில் சுமந்து வந்தவர்கள் எல்லோரும் அவர்கள்தான்.

ராஸ் ஹாசிக் எழுதிய 'மெக்சிகோ அண்ட் த ஸ்பானிஷ் கான்க்வெஸ்ட்' இதைப் போர்க்கணக்காகவே விளக்குகிறது. அறுவடை முடிந்து மழை வருவதற்கு முன்புதான் அங்கே பெரிய படை திரட்ட முடியும். திலாஷ்கலாவைச் சுற்றி வளைத்து உப்பும் பருத்தியும் போகாமல் மெஷிகாக்கள் தடுத்து வைத்திருந்தார்கள். தெஷ்கோகோவில் வாரிசுச் சண்டை புகைந்துகொண்டிருந்தது. உப்பில்லாமல் தலைமுறைக்கணக்கில் சாப்பிட்ட மக்கள் ஒரு புதிய கூட்டாளி கிடைத்தபோது என்ன முடிவு எடுப்பார்கள் என்று யோசித்தால், துரோகம் என்ற சொல்லே அங்கே பொருந்தாது.

ரெஸ்டாலின் முந்தைய நூல் 'செவன் மித்ஸ் ஆஃப் த ஸ்பானிஷ் கான்க்வெஸ்ட்' (2003) மெலிந்தது, மாணவர்களுக்கு ஏற்றது. திலாஷ்கலா நாட்டார் 1552 வாக்கில் ஒரு பெரிய துணியில் தங்கள் போர்ப் பங்கை வரைந்தார்கள். 'நாங்களும் வெற்றியாளர்கள்தான், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்' என்று ஸ்பெயின் அரசிடம் சலுகை கேட்பதற்கு அது ஒரு சான்று. மூலத்துணி தொலைந்துவிட்டது. பிரதிகளின் படங்கள் கிடைக்கின்றன, அவசியம் பாருங்கள்.

நோய்தான் காரணம் என்கிறார்களே?

ஒரு பெரிய காரணம், ஒரே காரணம் இல்லை. பெரியம்மை 1520-இல், கோர்டெஸைப் பிடிக்க வெலாஸ்கெஸ் அனுப்பிய நர்வாயெஸ் என்பவரின் கப்பற்படையோடு வந்தது. தலைநகரை 60 நாட்கள் ஆட்டிப்படைத்தது என்று ஃபுளோரன்ஸ் ஏடு சொல்கிறது. மொக்தெசுமாவுக்குப் பின் வந்த குயித்லாவாக் ஏறத்தாழ 80 நாட்களே ஆண்டு அதில் இறந்தார். ஆனால் அம்மை கூட்டாளி நாடுகளையும் விட்டுவைக்கவில்லை. நோய் வரலாற்றுக்கு ஆல்ஃபிரட் கிராஸ்பியின் 'த கொலம்பியன் எக்ஸ்சேஞ்ச்' (1972) இன்றும் நல்ல தொடக்கம். தக்காளியும் மிளகாயும் நம் அடுப்படிக்கு வந்த நெடும்பயணத்தின் பின்னணியும் அதில் இருக்கிறது. தமிழில் நாம் தக்காளி என்பதை ஆங்கிலத்தில் டொமேட்டோ என்கிறார்களே, அது நாவாத்லின் 'தொமாத்ல்'.

மலின்ச்சே யார்? அவரைப் பற்றித் தனியாகப் படிக்க முடியுமா?

முடியும், படிக்கவும் வேண்டும். கோர்டெஸுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த பெண். 1519-இல் தபாஸ்கோ கரையில் தோற்ற மாயா தலைவர்கள் ஸ்பானியர்களுக்குக் கொடுத்த 20 பெண்களில் ஒருவர். நாவாத்ல் தாய்மொழி, அடிமையாக விற்கப்பட்டதால் மாயா மொழியும் தெரிந்தது. அவர் நாவாத்லை மாயாவுக்கு மாற்றுவார்; கப்பல் உடைந்து மாயாக்களிடையே வாழ்ந்த ஸ்பானியர் ஹெரோனிமோ தே அகிலார் அதை மாயாவிலிருந்து ஸ்பானிய மொழிக்கு மாற்றுவார். ஆக, மன்னர் பேசிய பேச்சு இரண்டு வாய் மாறித்தான் கோர்டெஸ் காதுக்குப் போயிற்று. கொஞ்ச நாளில் மலின்ச்சே ஸ்பானிய மொழியையும் கற்றுக்கொண்டு அகிலாரைத் தேவையில்லாமல் ஆக்கிவிட்டார்.

ஞானஸ்நானப் பெயர் மரினா. நாவாத்லில் ர ஒலி இல்லாததால் 'மலினா' ஆகி, மரியாதை விகுதி சேர்ந்து 'மலின்ட்சின்' ஆயிற்று. அந்த 'ட்சின்' நம் 'ஆர்' விகுதி மாதிரி, பெரியவர்களுக்கு மட்டும் சேர்ப்பது. அடிமையாய் வந்த ஒரு இளம்பெண்ணை அவருடைய மொழி பேசியவர்களே அப்படி அழைத்தார்கள். இன்றைய மெக்சிகோவிலோ அவர் பெயரிலிருந்து வந்த 'மலின்ச்சிஸ்தா' என்ற சொல், அந்நிய மோகம் பிடித்தவர்களைத் திட்டும் வசை.

டவுன்சென்ட் 2006-இல் எழுதிய 'மலின்ட்சின்ஸ் சாய்சஸ்' மலின்ச்சேயின் வாழ்க்கை வரலாறு. மலின்ச்சே கைப்பட ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அவருக்கு முன்னால் என்னென்ன வழிகள் திறந்திருந்தன, எவை மூடியிருந்தன என்று மட்டும் நேர்மையாகக் கணக்கிட்டு ஒரு மனுஷியை நம் முன்னே நிறுத்துகிறார் டவுன்சென்ட். இந்தப் பட்டியலில் மனதை மிகவும் தொட்ட நூல் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பிரெஸ்காட் எழுதியதை இன்னும் படிக்கலாமா? ஹியூ தாமஸ்?

வில்லியம் பிரெஸ்காட் 1843-இல் வெளியிட்டார். ஏறத்தாழப் பார்வை இழந்த நிலையில், மெக்சிகோவுக்குப் போகாமலேயே, பிறர் படித்துக் காட்டக் கேட்டு எழுதினார். உழைப்பும் நடையும் வணங்கத் தக்கவை. ஆனால் நாகரிகம் காட்டுமிராண்டித்தனத்தை வென்றது என்ற எண்ணம் அடித்தளத்திலேயே இருக்கிறது. நான்கைந்து நூல்கள் படித்த பிறகு எடுங்கள், முதலில் வேண்டாம்.

ஹியூ தாமஸின் 'கான்க்வெஸ்ட்' (1993) மிகப் பெரியது. யார் எந்த ஊர்க்காரர், யாருக்கு யார் உறவு என்று ஸ்பானிய ஆவணக் காப்பகங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார். தொடர்ந்து படிப்பதைவிடப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடிப் பார்க்கப் பயன்படும்.

நரபலி பற்றி நேர்மையாகப் பேசும் புத்தகம்?

இங்கா கிளெண்டினன், 'அஸ்டெக்ஸ்: ஆன் இன்டர்ப்ரிட்டேஷன்' (1991). மூடி மறைக்கவும் இல்லை, திகில் காட்டவும் இல்லை. ஒரு பூக்காரியும் நெசவுக்காரியும் குழந்தை வளர்த்த அதே நகரத்தில் இது எப்படி வாழ்க்கையோடு பின்னியிருந்தது என்று கேட்கிறார். ஸ்பானியர்கள் மிகைப்படுத்தினார்கள் என்பது உண்மை. நடக்கவே இல்லை என்பது உண்மை இல்லை. மெக்சிகோ நகரின் நடுவே 2015-இல் மண்டையோட்டு மேடையைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்தார்கள். அங்கே பெண்களின், குழந்தைகளின் மண்டையோடுகளும் கிடைத்தன.

காசு செலவழிக்காமல் எதைப் படிக்கலாம்?

ஃபுளோரன்ஸ் ஏட்டுத்தொகுதி முழுவதையும் கெட்டி ஆய்வு நிறுவனம் 2023-இல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. படங்களைத் தேடலாம், பன்னிரண்டாம் பாகத்தின் நாவாத்லையும் ஆங்கிலத்தையும் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்று ஒதுக்குங்கள். பிரெஸ்காட்டின் நூலும், பெர்னாலின் பழைய மொழிபெயர்ப்பும் குட்டன்பர்க் தளத்தில் கிடைக்கின்றன. அந்தப் பழைய மொழிபெயர்ப்பு (1844) ஜான் இங்கிராம் லாக்ஹார்ட் செய்தது. நாவாத்ல் அறிஞர் ஜேம்ஸ் லாக்ஹார்ட் வேறு ஆள், தேடும்போது குழம்பிவிடாதீர்கள்.

உங்கள் வரிசை என்ன?

'ஃபிஃப்த் சன்' முதலில். அப்புறம் பன்னிரண்டாம் பாகம், இணையத்தில் படங்களோடு. பிறகு பெர்னால், அவரோடு சேர்த்து கோர்டெஸின் இரண்டாம், மூன்றாம் கடிதங்கள். பிறகு 'மலின்ட்சின்ஸ் சாய்சஸ்'. அதற்கு மேல் உங்களுக்குப் பிடித்த பக்கம் போகலாம். போர் என்றால் ஹாசிக், வாதம் என்றால் ரெஸ்டால்.

1521-க்குப் பிறகு அந்த மக்கள் என்ன ஆனார்கள்?

அழிந்துவிட்டார்கள் என்று நினைத்துத்தான் பலர் புத்தகத்தை மூடுகிறார்கள். அழியவில்லை. மெக்சிகோவில் இன்றும் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாவாத்ல் பேசுகிறார்கள். ஜேம்ஸ் லாக்ஹார்ட்டின் 'த நாவாஸ் ஆஃப்டர் த கான்க்வெஸ்ட்' (1992), உயில், நிலப்பத்திரம், ஊர்ச்சபைக் குறிப்பு என்று அவர்கள் தங்கள் மொழியிலேயே எழுதி வைத்த சாதாரணக் காகிதங்களிலிருந்து மூன்று நூற்றாண்டு வாழ்க்கையைக் கட்டியெழுப்புகிறது.

அந்த மக்களில் ஒருவர் சிமல்பாஹின், சால்கோ பகுதிக்காரர். 1600-களின் தொடக்கத்தில் மெக்சிகோ நகரில் ஒரு சின்னத் தேவாலயத்தைப் பார்த்துக்கொண்டே நாவாத்லில் வரலாறு எழுதினார். ஜப்பானிலிருந்து தூதுக்குழு வந்து இறங்கியதைக்கூடக் குறித்து வைத்திருக்கிறார். கோமாராவின் புத்தகம் ஒரு நாள் அவர் கைக்கு வந்தது. மெக்சிகோவைப் பார்க்காமலேயே எழுதப்பட்ட, பெர்னாலைக் கொதிக்க வைத்த அதே புத்தகம். சிமல்பாஹின் அதை முழுதாகக் கைப்பட நகல் எடுத்தார். எடுக்கும்போதே இடையிடையே தன் மக்களின் பெயர்களையும், கோமாராவுக்குத் தெரியாத விவரங்களையும் சேர்த்துக்கொண்டே போனார். அந்த நகல் 'சிமல்பாஹின்ஸ் கான்க்வெஸ்ட்' என்று 2010-இல் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது.